சுமக்க முடிந்தால்தான் துணை!

அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் செப்டம்பர் மாதம் வேட்டைக் காலம். 'மூஸ்' எனப்படும் பேருருவ மானைத் தேடி, உரிமம் பெற்றவர்கள் காட்டுக்குள் செல்கிறார்கள். முழு வளர்ச்சி பெற்ற ஓர் ஆண் மூஸிலிருந்து ஏறத்தாழ 225 கிலோ இறைச்சி கிடைக்கும். அதை விழுந்த இடத்திலேயே அறுத்துப் பிரித்து, முதுகுப் பையில் ஏற்றி, பல நடைகளாகப் படகுக்கோ வாகனத்துக்கோ கொண்டு சேர்க்க வேண்டும். ஆபத்து நெருங்கி வரக்கூடிய நேரமும் அதுதான். இரத்த வாடை கரடியை அழைக்கும். நீளத் துப்பாக்கி ஒரு மரத்தில் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். வேட்டைக்காரரின் இரு கைகளும் வேலையில் இருக்கும்.

அதனால்தான் அங்கே பலர் பெரிய ரிவால்வர் ஒன்றை உடலோடு சேர்த்து அணிந்து கொள்கிறார்கள். அந்த ரிவால்வரைக் கொண்டே வேட்டையாடுபவர்களும் உண்டு. எந்த ரிவால்வர் சிறந்தது என்று அவர்கள் மணிக்கணக்கில் வாதிடுகிறார்கள். அதை எந்த உறையில், உடலின் எந்தப் பகுதியில் சுமப்பது என்ற கேள்விக்கு மட்டும் பெரும்பாலும் சில நிமிடங்களே ஒதுக்குகிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஆங்கரேஜ் நகரில் என் மகள் குடும்பத்துடன் சில வாரங்கள் தங்கியிருந்தேன். பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் வசித்தார். நாற்பது ஆண்டுகால வேட்டை அனுபவம் உள்ளவர். ஆயிரம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கிய ரிவால்வருக்கு, கடையில் கைக்குக் கிடைத்த மலிவான நைலான் உறை ஒன்றை வாங்கியிருக்கிறார். இரண்டாம் நாளே இடுப்பு கன்றிப்போக, துப்பாக்கியை உறையோடு கழற்றிக் கூடாரத்தில் வைத்துவிட்டார். அன்று மாலை ஓடையில் தண்ணீர் எடுக்கச் சென்றபோது, நாற்பது அடி தொலைவில் ஒரு பழுப்புக் கரடி நின்றிருந்தது. நல்வேளையாக அது அவரைச் சில நொடிகள் பார்த்துவிட்டுத் தன் வழியே போய்விட்டது. 'அன்று என்னிடம் இருந்தது ஒரு பிளாஸ்டிக் வாளி மட்டும்தான்' என்றார் அவர்.

யானையை வாங்கியவன் அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கலாமா என்பார்கள் நம் பெரியவர்கள். பொருளியலில் இதனை 'இணைநுகர்வுப் பொருள்கள்' என்ற தலைப்பில் நாங்கள் மாணவர்களுக்குக் கற்பிப்போம். இரண்டு பொருள்கள் சேர்ந்தே பயன் தரும்போது, விலை குறைந்த பொருளின் தரம் விலை உயர்ந்த பொருளின் பயனை நிர்ணயித்துவிடும். துப்பாக்கிக்குச் செலவிட்டதில் ஏழில் ஒரு பங்கையாவது உறைக்குச் செலவிட மனம் வராதவர், அந்த முதலீடு முழுவதையும் கூடாரத்தில் முடக்கி வைக்கிறார்.

இதில் சிக்கலின் வேர் எடையில் இருக்கிறது. 1950-களின் நடுப்பகுதியில் அறிமுகமான '.44 மேக்னம்' தோட்டாவுக்காகச் செய்யப்படும் வேட்டை ரிவால்வர், ஏழரை அங்குலக் குழலுடன் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையும் 33 சென்டிமீட்டர் நீளமும் கொண்டது. 2003-இல் வந்த '.500 மேக்னம்' வகையின் நீண்ட குழல் ரிவால்வர் இரண்டு கிலோவை எட்டும். அரிசிப் பையாகக் கையில் தூக்கினால் இது ஒரு சுமையே அல்ல. உடலின் ஒரே புள்ளியில், ஒரே பக்கமாக, பத்து மணி நேரம் தொங்கும்போதுதான் அது தன் உண்மையான எடையைக் காட்டுகிறது.

உறையை அணிய முக்கியமாக நான்கு இடங்கள் உண்டு. முதலாவது, வலக்கைக்காரருக்கு வலப்பக்க இடுப்பு. பழக்கமானது, எடுப்பதற்கும் எளிது. ஆறு அங்குலத்துக்கு உட்பட்ட குழல் என்றால் பெரும்பாலும் தொல்லை இல்லை. அதற்கு மேல் நீண்டால், உட்காரும்போது குழலின் முனை இருக்கையிலோ தரையிலோ முட்டி, கைப்பிடி விலாவைக் குத்தும். மேலும், முதுகுப் பையின் இடுப்புப் பட்டை வந்து அமர வேண்டியதும் இதே இடத்தில்தான். மழைக்கோட்டு அணிந்தால் துப்பாக்கி அதற்குள் புதைந்துவிடும். இடுப்பில்தான் அணிவேன் என்பவர், உறைக்கு முன்பாக நாலு சென்டிமீட்டர் அகலமுள்ள விறைப்பான தோல் வாரை வாங்க வேண்டும். சாதாரண வார் ஒன்றரைக் கிலோவைத் தாங்காமல் மடங்கும்; சுமை முழுவதும் ஒரே எலும்பின் மீது இறங்கும்.

இரண்டாவது, இடப்பக்க இடுப்பில் சாய்வாக அணிந்து, வலக்கையால் குறுக்கே எடுப்பது. வாகனம் ஓட்டுபவருக்கும் குதிரையில் செல்பவருக்கும் படகில் அமர்ந்திருப்பவருக்கும் இது வசதி. ஆனால், எடுக்கும்போது குழல் பக்கவாட்டில் ஒரு வட்டம் அடிக்கும் என்பதால், அருகில் தோழர் நிற்கும்போது மிகுந்த கவனம் தேவை.

மூன்றாவது, அக்குள் உறை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க டாங்கிப் படையினருக்கு, குறுகிய இடத்தில் இடுப்பு உறை இடைஞ்சலாக இருந்ததால் தோளில் மாட்டும் உறை வழங்கப்பட்டது. அந்தத் துப்பாக்கி ஒரு கிலோவை ஒட்டிய எடைதான். ஒன்றரைக் கிலோ ரிவால்வரை இப்படி அணிந்தால், வார் மாலைக்குள் கழுத்தை அறுக்கத் தொடங்கும்.

நான்காவது, மார்பு உறை. துப்பாக்கி மார்பின் குறுக்கே சாய்வாகப் படுத்திருக்கும். ஒரு வார் தோளின் மீதும், இன்னொன்று முதுகைச் சுற்றியும் செல்லும். இடுப்பு முழுவதும் முதுகுப் பைக்கு விடப்படுகிறது. ஆற்றில் இடுப்பளவு நீரில் இறங்கினாலும் துப்பாக்கி நனையாது. கீழே விழுந்து கிடந்தாலும் எந்தக் கையாலும் எட்டலாம். என் பக்கத்து வீட்டு ஆசிரியர் கடைசியில் வந்து சேர்ந்ததும் இதற்குத்தான். இதற்கும் குறை உண்டு. தொலைநோக்கியை மார்பில் தொங்கவிடுபவருக்கு இடம் போதாது. வாகனத்தின் இருக்கைப் பட்டையோடும் மோதும். தோள் வார் ஐந்து சென்டிமீட்டராவது அகலமாக, முதுகுப் பையின் வாருக்கு அடியில் தட்டையாகப் படிய வேண்டும். கொக்கி அந்த இடத்தில் அமைந்துவிட்டால், அதன் மீது இறைச்சிப் பையின் சுமை முழுவதும் அழுத்தும்.

அடுத்தது, உறை எதனால் ஆனது என்ற கேள்வி. தாவரப் பட்டைச் சாற்றால் பதனிடப்பட்ட தடித்த தோல், நனைத்து வார்க்கப்படும்போது துப்பாக்கியின் வடிவத்தை ஏற்று, உலர்ந்ததும் அதைப் பிடித்துக்கொள்ளும். இந்தப் பதனிடும் முறை நமக்கு அந்நியமானதன்று. ஆவாரம் பட்டையால் பதனிடப்பட்ட சென்னை மாகாணத்துத் தோல், 19-ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்துச் சந்தையில் பெயர் பெற்றிருந்தது. தோல் ஓசையின்றி இயங்கும், உடலுக்கு இணங்கும். ஆனால், ஈரத்தை உறிஞ்சும் என்பதால், வீடு திரும்பியதும் துப்பாக்கியை வெளியே எடுத்துவிட வேண்டும். தோலுக்குள்ளேயே வைத்திருந்தால் எஃகு துருப்பிடிக்கும். பித்தளைத் தோட்டாவில் பச்சைக் களிம்பு ஏறும்.

'கைடெக்ஸ்' என்பது சூடாக்கி வார்க்கப்படும் ஒருவகை நெகிழி. மழையும் உப்புநீரும் அதை ஒன்றும் செய்யா. ஓயாத மழை பெய்யும் கடலோரத்துக்கு அதுவே பொருத்தம். எடுக்கும்போது சற்று ஓசை எழும். துப்பாக்கியின் மேற்பூச்சு தேயும். நைலான் விலை குறைவு, எடையும் குறைவு. ஆயினும், பல துப்பாக்கிகளுக்குப் பொதுவாகத் தைக்கப்படுவதால், எதற்கும் கச்சிதமாகப் பொருந்துவதில்லை. ஒரே ரிவால்வர் வெவ்வேறு குழல் நீளங்களில் வருகிறது. ஒரு நீளத்துக்கான உறை மற்றதற்குச் சரிவராது. மேலே தொலைநோக்கிக் கண்ணாடி பொருத்தினால் உறையையே மாற்ற வேண்டியிருக்கும்.

சௌகரியத்துக்காகவும் விட்டுக்கொடுக்கக் கூடாதவை மூன்று. உறை விசையையும் அதன் வளையத்தையும் முழுமையாக மூட வேண்டும். ஒரு சுள்ளியோ கையுறை நுனியோ உள்ளே புகக்கூடாது. குதித்தாலும் விழுந்தாலும் துப்பாக்கி நழுவக்கூடாது. அதே சமயம், அதன் பிடிவார் கையுறை அணிந்த ஒற்றைக் கைக்கு, இருட்டிலும், ஒரே அசைவில் திறக்க வேண்டும்.

இவற்றைக் கடையின் கண்ணாடி முன் நின்று முடிவு செய்ய இயலாது. தோட்டாக்களை அகற்றி, அகற்றியதை இருமுறை உறுதி செய்து, வீட்டிலேயே கோட்டும் முதுகுப் பையும் சேர்த்து அணிந்து, அரை நாள் நடமாடிப் பார்க்க வேண்டும். உட்கார வேண்டும், மண்டியிட வேண்டும், மாடிப்படி ஏற வேண்டும். முதல் அரை மணி நேரத்தில் எல்லா உறையும் சௌகரியமாகவே இருக்கும். நான்காவது மணி நேரம்தான் தீர்ப்பு சொல்லும்.

டாம் ஸ்மித், ஸ்டீபன் ஹெரேரோ முதலிய ஆய்வாளர்கள் 1883 முதல் 2009 வரை அலாஸ்காவில் துப்பாக்கி கையிலிருந்தும் கரடியோடு மோத நேர்ந்த 269 நிகழ்வுகளை ஆராய்ந்து, 2012-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். துப்பாக்கி கைகொடுக்காமல் போனதற்கான காரணங்களில் முதலிடம் பிடித்தது, அதைப் பயன்படுத்த நேரம் போதாமையே. இதே இருவரும் இன்னும் சிலரும் 2008-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், மிளகாய்ச் சாறு தெளிப்பான் பழுப்புக் கரடிகளிடம் நூற்றுக்கு 92 முறை பலன் அளித்தது தெரியவந்தது. துப்பாக்கியைவிடத் தெளிப்பானே பலருக்கு ஏற்றது என்பது என் கருத்தும்கூட. ஆனால், அதுவும் முதுகுப் பையின் அடியில் கிடந்தால் பயனில்லை. அதற்கும் ஓர் உறை வேண்டும்; அதுவும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை முடிவுக்கு வந்துவிட்ட நம் நாட்டில், இந்த உறை யாருக்கும் தேவைப்படாது. ஆனால், இதில் உள்ள பாடம் தேவைப்படும். நம் சாலைகளில் பெட்ரோல் டாங்கின் மீதும் முழங்கையிலும் தொங்கியபடி பயணம் செய்யும் தலைக்கவசங்களைப் பாருங்கள். அவற்றை வாங்கியவர்கள் பணத்தைச் செலவிட்டவர்கள்தான். உயிரின் அருமை அறியாதவர்கள் அல்லர். கனமாக இருக்கிறது, வியர்க்கிறது, காதை அழுத்துகிறது என்று கழற்றியவர்களும் அவர்களில் உண்டு. அபராதத்தை உயர்த்துவது பற்றி நாம் பேசுகிறோம். தலையின் அளவுக்கும் நம் வெயிலுக்கும் ஏற்ற கவசத்தைத் தேர்ந்தெடுப்பது பற்றி யாரும் சொல்லித் தருவதில்லை.

பாதுகாப்புச் சாதனத்தில் சௌகரியம் என்பது ஆடம்பரம் அல்ல. அது பாதுகாப்பின் ஒரு பகுதி. ஆபத்து நம்மிடம் நாள் குறித்துவிட்டு வருவதில்லை. அது வரும் நாளில் நம்மைக் காப்பது, நாம் வாங்கிய சாதனம் அன்று; அன்றைக்கு நாம் அணிந்திருக்கும் சாதனம்.

கட்டுரையாளர்:
பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).