தூள் டீயிலிருந்து இலை டீக்கு... வெள்ளிமலைக் குளிருக்கு ஒரு புது ருசி!

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயப்பாளையம் வழியாக மலை ஏறி வெள்ளிமலையில் இறங்கினால், கால்கள் தானாகத் தேடிப் போவது டீக்கடையைத்தான். பனி மூடிய காலையில் பாய்லர் பக்கத்தில் நின்றுகொண்டு, நுரை பொங்க ஆற்றிக் கொடுத்த டீயைக் குடிப்பது தனி சுகம்.

கல்வராயன் மலையின் பெயரைச் சொன்னதும் சாமை, தினை, மரவள்ளி, தேன் எல்லாம் நினைவுக்கு வரும். தேயிலைக்குப் பேர்போன மலை அல்ல இது. கடை டீயும் சரி, வீட்டு டீயும் சரி, பெரும்பாலும் டஸ்ட் டீ எனும் தூள் டீதான். முழு இலையாக இருக்கும் தேயிலையைப் பார்த்தால், 'இதை எப்படிப் போடுவது?' என்று நம்மில் பலருக்குத் தயக்கம் வரும். உண்மையில், தூள் டீயைவிட இலை டீ போடுவது சுலபம்!

தூளுக்கும் இலைக்கும் என்ன வித்தியாசம்?

இரண்டுமே ஒரே செடியின் கொழுந்துதான். 'இரண்டு இலை, ஒரு மொட்டு' என்று பறித்த கொழுந்தை இயந்திரத்தில் நசுக்கி, கிழித்து, குருணையாகச் சுருட்டினால் அது சி.டி.சி. தேயிலை. 1930-களில் அசாமில் அறிமுகமான முறை இது. சீக்கிரம் சாயம் இறங்கும்; பாலுக்கு ஈடுகொடுக்கும்.

கொழுந்தை வாட்டி, இலை சிதையாமல் உருட்டி, பதமாகக் காற்றில் நிறம் மாறவிட்டு உலர்த்தினால் அது ஆர்த்தடாக்ஸ் தேயிலை. இதைத்தான் இலை டீ என்கிறோம். நீலகிரி ஆர்த்தடாக்ஸ் தேயிலைக்குப் புவிசார் குறியீடும் உண்டு. பாக்கெட்டில் 'ஆரஞ்சு பீக்கோ' என்று இருந்தால் ஆரஞ்சுப் பழ வாசனையை எதிர்பார்க்க வேண்டாம். அது இலையின் அளவைக் குறிக்கும் பெயர், அவ்வளவுதான்.

போடுவது எப்படி?

புதிதாக எந்தப் பாத்திரமும் வாங்க வேண்டாம். மூடி போட்ட ஒரு சின்னப் பாத்திரமும், வீட்டில் இருக்கும் டீ வடிகட்டியும் போதும்.

* ஒரு டம்ளர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் இலை. எடையில் சுமார் 2 கிராம் வரும்.

* தண்ணீரை நன்றாகக் கொதிக்கவிட்டு அடுப்பை அணைத்த பிறகே இலையைப் போட வேண்டும். இலையைத் தண்ணீரோடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் கசப்பு ஏறிவிடும்.

* மூடி வைத்து, மூன்று அல்லது நான்கு நிமிடங்களில் வடிகட்டிவிடுங்கள்.

* கிரீன் டீ என்றால், கொதித்த தண்ணீரை ஐந்து நிமிடம் ஆறவிட்டு இலையைப் போடுங்கள். இரண்டு நிமிடம் போதும்.

மூவாயிரம் அடி உயரத்தில் தண்ணீர் சுமார் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். எனவே, மலையில் டீ போடுகிறவர்கள் அரை நிமிடம் கூடுதலாக ஊறவிடலாம். சமவெளியில் உப்புத் தண்ணீர் வரும் ஊர்களில் டீயின் மேல் ஏடு படியும், மணமும் மங்கும். அங்கெல்லாம் குடிக்க வைத்திருக்கும் நல்ல தண்ணீரிலேயே டீ போடுவது நல்லது.

முதல் இரண்டு நாள் 'சப்பென்று இருக்கிறதே' எனத் தோன்றலாம். பால் இல்லாமல் குடிப்பது பழகும் வரை கொஞ்சம் மலைத்தேனும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துக்கொள்ளலாம். பால் டீதான் வேண்டும் என்பவர்கள், உடைத்த இலை ரகத்தை வாங்கி, இலையின் அளவைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

கட்டுப்படியாகுமா?

100 கிராம் இலை 150 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். டம்ளருக்கு 2 கிராம் என்றால் 50 டம்ளர். ஆக, ஒரு டம்ளருக்கு 3 ரூபாய். அதே இலையில் இன்னொரு முறை வெந்நீர் ஊற்றி, ஒரு நிமிடம் கூடுதலாக ஊறவிட்டால் இரண்டாவது டம்ளரும் கிடைக்கும். முதலில் 50 கிராம் மட்டும் வாங்கிப் பாருங்கள். காற்றுப் புகாத எவர்சில்வர் டப்பாவில், மசாலா சாமான்களிலிருந்து தள்ளி வையுங்கள். தேயிலை பக்கத்து வாசனையைச் சட்டென்று இழுத்துக்கொள்ளும்.

கலப்படம் கவனம்!

தூளில் சாயம் கலந்திருந்தால் சுலபத்தில் கண்ணுக்குத் தெரியாது. வடிதாளில் கொஞ்சம் தேயிலையைப் பரப்பி, தண்ணீர் தெளித்து, சற்று நேரம் கழித்துத் தேயிலையை அகற்றிவிட்டுத் தாளைக் குழாயில் கழுவி வெளிச்சத்தில் பாருங்கள். கருப்பாகவோ பழுப்பாகவோ திட்டுத்திட்டாகக் கறை இருந்தால் சாயம் கலந்திருக்கலாம். இலை டீயில் ஒரு வசதி உண்டு. ஊறிய பின் இலை விரிந்து, வாங்கியது என்ன என்பதைக் கண்ணெதிரே காட்டிவிடும்.

சாப்பிட்டதும் டீ வேண்டாம்

தூளோ இலையோ, தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருள்கள், கீரையிலும் சிறுதானியத்திலும் இருக்கும் இரும்புச்சத்து உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. சாமைச் சோறும் கீரையும் சாப்பிட்டுவிட்டு, கையோடு டீயும் குடித்தால் சாப்பிட்ட பலன் குறைந்துபோகும். சாப்பாட்டுக்கும் டீக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும். கர்ப்பிணிகளும் வளரும் பெண் பிள்ளைகளும் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

கொழுந்துக்குப் பின்னால் இருப்பவர்கள்

ஒரு கிலோ தேயிலைக்குச் சுமார் நாலரை கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். நீலகிரியில் அதைப் பறித்துத் தருகிறவர்களில் பெரும்பகுதி சிறு விவசாயிகள். அவர்களுக்காக 1962-ல் குந்தாவில் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை தொடங்கியது. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்களுக்கு வேலை கொடுக்க, 1968-ல் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் வந்தது. அதுதான் இன்றைய டான்டீ. ஆனாலும், பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியாகும் விலை கேட்டு 2023-ல்கூட நீலகிரி விவசாயிகள் உண்ணாவிரதம் இருந்தார்கள்.

தரமான இலை டீக்குத் தரமான கொழுந்து வேண்டும். அதைக் கேட்டு வாங்குகிறவர்கள் பெருகினால்தான் பார்த்துப் பார்த்துப் பறிப்பவருக்கும் நல்ல விலை கேட்க வழி பிறக்கும். அடுத்த முறை கடைக்குப் போகும்போது, தூளோடு 50 கிராம் இலையும் கேட்டுப் பாருங்கள்!