அமெரிக்க தேசிய வங்கித்தாள்கள்

அமெரிக்க தேசிய வங்கித்தாள்கள் என்பவை 1863 முதல் 1935 வரை, ஐக்கிய அமெரிக்க அரசின் பட்டயம் பெற்ற தனியார் வங்கிகள் வெளியிட்ட பணத்தாள்கள் ஆகும். இன்று இவை பணத்தாள் சேகரிப்பாளர்களால் பெரிதும் விரும்பப்படுகின்றன.

வரலாறு

உள்நாட்டுப் போருக்கு முன்பு மாநில வங்கிகள் ஒவ்வொன்றும் தத்தம் வடிவில் தாள்களை அச்சிட்டன. கள்ளத்தாள்களும் பெருகின. போர்ச் செலவுக்குப் பணம் திரட்டவும் ஒரே சீரான பணத்தை உருவாக்கவும் 1863, 1864 ஆம் ஆண்டுகளில் தேசிய வங்கிச் சட்டங்கள் இயற்றப்பட்டன. பட்டயம் பெற்ற வங்கி, அரசின் கடன் பத்திரங்களை வாங்கிக் கருவூலத்தில் ஈடாக வைத்து, அதற்கேற்பத் தாள்களைப் பெற்றது. முதலாம் எண் பட்டயம் பிலடெல்பியா நகரின் முதல் தேசிய வங்கிக்குக் கிடைத்தது. ஈடாக வைக்கத்தக்க பத்திரங்கள் திரும்பப் பெறப்பட்டதால் 1935 இல் இவ்வெளியீடு நின்றது.

அமைப்பு

வடிவம் நாடு முழுவதற்கும் பொதுவானது. ஆனால் வங்கியின் பெயர், ஊர், மாநிலம், வங்கித் தலைவர், காசாளர் ஆகியோரின் கையொப்பங்கள் ஆகியன தாளுக்குத் தாள் மாறும். பெரும்பாலான தாள்களில் பட்டய எண்ணும் இருக்கும். 1929 வரிசைத் தாள்கள் அளவில் சிறியவை. பழுப்பு நிற முத்திரை கொண்டவை.

சேகரிப்பு மதிப்பு

பழமை மட்டுமே விலையை உயர்த்துவதில்லை. பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வங்கிகள் இத்தாள்களை வெளியிட்டன. புழக்கத்திலிருந்து திரும்பியவை அழிக்கப்பட்டன. ஆகவே குறிப்பிட்ட வங்கியின் தாள்கள் எத்தனை எஞ்சியுள்ளன என்பதே முதன்மையான கேள்வி. நியூயார்க் போன்ற பெருநகர வங்கியின் 1929 ஆம் ஆண்டுப் பத்து டாலர் தாள் எளிதில் கிடைக்கலாம். அதே ஆண்டில், அதே மதிப்பில், சிற்றூர் வங்கி ஒன்று வெளியிட்ட தாள் பன்மடங்கு விலை பெறலாம். மாநிலத் தகுதி பெறுமுன் ஓக்லகோமா, அரிசோனா போன்ற ஆட்சிப்பகுதிகளின் வங்கிகள் வெளியிட்டவையும் அரியவை. 2 என்னும் எண் படுத்த நிலையில் அச்சான பழைய இரண்டு டாலர் தாள், 'சோம்பேறி இரண்டு' என்ற செல்லப்பெயருடன் புகழ்பெற்றது. தொடர் எண் 1 கொண்ட தாள்களுக்கும் தனி மதிப்புண்டு.

தாளின் நிலையும் முக்கியமானது. மடிப்பு, கிழிசல், துளை ஆகியவை விலையைக் குறைக்கும். கழுவுதல், இஸ்திரி போடுதல், ஒட்டுதல் ஆகியவையும் அவ்வாறே. அழகாக்கும் எண்ணத்தில் செய்தாலும் இழந்த மதிப்பு திரும்பாது.

இத்தாள்கள் இன்றும் அமெரிக்காவில் சட்டப்படி செல்லும். ஆனால் வங்கியில் கொடுத்தால் அச்சிட்ட தொகை மட்டுமே கிடைக்கும். எனவே மூதாதையரின் பெட்டியில் இத்தகைய தாள் கிடைத்தால், முதலில் அதிலுள்ள வங்கியின் பெயரையும் ஊரையும் கவனிக்க வேண்டும்.