அம்மாவும் மகளும் மட்டும் ஒரு டிரிப்: மண்டைக்காட்டில் இருந்து திருவனந்தபுரம் போய் வர எப்படி பிளான் பண்ணலாம்?

மாசி மாதம் வந்துவிட்டால் மண்டைக்காடு முழுக்கப் பெண்கள் கூட்டம்தான். பகவதி அம்மன் கோயிலின் 10 நாள் கொடை விழாவுக்குக் கேரளாவில் இருந்து இருமுடி கட்டி வருகிறவர்களில் அம்மா, மகள், பேத்தி என்று மூன்று தலைமுறையை ஒன்றாகப் பார்க்கலாம். 'பெண்களின் சபரிமலை' என்று சும்மா சொல்லவில்லை. பொங்கலிட்டு, கடலில் கால் நனைத்து, திருவிழாக் கடையில் வளையல் வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவார்கள்.

சரி, நம்ம ஊர் அம்மாக்கள் திருவனந்தபுரத்துக்கு எதற்குப் போகிறார்கள்? பெரும்பாலும் ஆஸ்பத்திரிக்கு. மெடிக்கல் காலேஜ், ஸ்ரீசித்ரா, ஆர்.சி.சி. குமரி மாவட்டத்தில் பல வீடுகளுக்கு அந்த நகரம் என்றாலே இந்த மூன்று பெயர்தான். ஒரு கையில் பிளாஸ்க், இன்னொரு கையில் ஸ்கேன் ரிப்போர்ட் கவர்.

எங்க அம்மாவிடம் "ஒரு நாள் திருவனந்தபுரம் போயிட்டு வருவமா?" என்று கேட்டபோது வந்த முதல் பதில்: "என்னத்துக்கு மக்ளே, ஆருக்காவது சொகமில்லியா?"

யாருக்கும் உடம்பு சரியில்லாத காரணம் எதுவும் இல்லாமல், துணி எடுக்க, நல்லதாக நாலு சாப்பிட, சும்மா சுற்றிப் பார்க்க அம்மாவை அதே நகரத்துக்குக் கூட்டிப்போவது எப்படி? அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

ஏன் திருவனந்தபுரம்?

மண்டைக்காட்டில் இருந்து சுமார் 60 கிலோமீட்டர்தான். காலையில் கிளம்பி ராத்திரி வீடு திரும்பிவிடலாம். ஷாப்பிங், மியூசியம், கோயில், சாப்பாடு எல்லாம் சேர்ந்த பெரிய நகரம் இதைவிடப் பக்கத்தில் நமக்கு வேறு இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. 1956 நவம்பர் 1-ம் தேதி வரை கல்குளம், விளவங்கோடு, அகஸ்தீஸ்வரம், தோவாளை தாலுகாக்கள் எல்லாம் கேரளப் பக்கம்தான் இருந்தன. மண்டைக்காடு கல்குளம் தாலுகா. அதாவது நம்ம பாட்டிமாருக்குத் திருவனந்தபுரம்தான் தலைநகர். உங்களுக்கு மலையாளம் தடுமாறினாலும் அம்மா சமாளித்துவிடுவார். கடையில் பேரம் பேசும்போது அது புரியும்!

எந்த நாளில் போகலாம்?

திங்கள்கிழமை வேண்டவே வேண்டாம். நேப்பியர் மியூசியம், குதிரமாளிகை இரண்டுக்கும் அன்று விடுமுறை. புதன்கிழமை என்றால் மியூசியம் மதியத்துக்கு மேல்தான் திறக்கும். ஞாயிற்றுக்கிழமை சாலை பஜாரில் பல கடைகள் ஷட்டர் போட்டிருக்கும். வேலைக்குப் போகிற மகள்களுக்குச் சனிக்கிழமைதான் சரி.

மாசியில் ஆற்றுக்கால் பொங்கல் நாளைக் கட்டாயம் பார்த்துக்கொள்ளுங்கள். அன்று லட்சக்கணக்கான பெண்கள் நகரத்தின் தெருவெல்லாம் அடுப்பு மூட்டி உட்கார்ந்திருப்பார்கள். பொங்கலிடப் போகிறவர்களுக்கு அது பெரிய அனுபவம். ஷாப்பிங் போகிறவர்களுக்கு அல்ல. மழைக் காலமும் கவனம். பலத்த மழை அடித்தால் தம்பானூரிலும் கிழக்கேகோட்டையிலும் தண்ணீர் தேங்குவது பழைய கதை.

எப்படிப் போவது?

மண்டைக்காட்டுக்குப் பக்கத்து ரயில் நிலையம் இரணியல். திங்கள்நகர் வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து ஆட்டோ பிடிக்கலாம். சாதாரணக் கட்டண அரசு நகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால், அதுவரை ஆட்டோ செலவு மட்டும்தான்.

இரணியலில் எல்லா எக்ஸ்பிரஸும் நிற்காது. பாசஞ்சர் ரயில்தான் நமக்கு வசதி. காரணம், அது பள்ளியாடி, குழித்துறை, பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று நின்று நின்று போய், பாலராமபுரத்திலும் நிற்கும். நம்ம முதல் ஸ்டாப் அங்கேதான். நேரம் அவ்வப்போது மாறுவதால் முந்தின நாள் 139-க்கு போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். காலை நேர ரயில்களில் வேலைக்குப் போகிற கூட்டம் இருக்கும். அம்மாவுக்கு உட்கார இடம் முக்கியம் என்றால் கூட்டம் குறைந்த அடுத்த ரயிலைப் பிடியுங்கள்.

ரயில் ஒத்துவரவில்லை என்றால் தக்கலை அல்லது மார்த்தாண்டம் போய் திருவனந்தபுரம் பஸ் ஏறலாம். களியக்காவிளை தாண்டி, பாலராமபுரம் வழியாகத்தான் அந்த ரோடும் போகிறது. ஆனால் அந்த பஸ்களில் இலவசம் கிடையாது.

பாலராமபுரத்தில் என்ன வாங்கலாம்?

கைத்தறி. திருவிதாங்கூர் மன்னர் பாலராம வர்மாவின் காலத்தில், 1798-க்கும் 1810-க்கும் இடையில், தமிழ்ப் பகுதியில் இருந்து சாலிய நெசவாளர்களை அழைத்துவந்து குடியமர்த்திய ஊர் இது. ஊர்ப் பெயரே மன்னர் பெயர்தான். சிங்கிள் ஸ்ட்ரீட், டபுள் ஸ்ட்ரீட், விநாயகர் தெரு என்று நெசவுத் தெருக்கள் இருக்கின்றன. பாலராமபுரம் சேலைகளுக்குப் புவிசார் குறியீடும் உண்டு.

இங்கே குழப்பம் வரும் இடம் ஒன்று இருக்கிறது. 'செட்டு முண்டு' என்பது இரண்டு துண்டு. கீழே உடுத்துவது முண்டு, மேலே போடுவது நேரியது. 'கசவு சேலை' என்பது ஒரே துண்டு. போட்டோவில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். அம்மாவுக்குக் கட்டிப் பழக்கம் எது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

அடுத்தது சரிகை. வெள்ளி இழைக்குத் தங்க முலாம் பூசியது அசல் சரிகை. செம்பு இழையில் செய்தது அதைவிட விலை குறைவு. இரண்டுமே பளபளக்கும், விலையில்தான் வித்தியாசம் தெரியும். எந்தச் சரிகை என்று வாய்விட்டுக் கேட்டு, பில்லிலும் எழுதி வாங்குவது நல்லது. கைத்தறிதானா என்று பார்க்க, கைத்தறி முத்திரை லேபிளைத் தேடுங்கள். சேலையைத் திருப்பிப் பாருங்கள். பாலராமபுரம் குழித்தறி நெசவில் முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே மாதிரி இருப்பதுதான் சிறப்பு. விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று தள்ளிவிடுகிற ஆட்களும் உண்டு.

சேலை எடுக்கும் வேலையை முதலிலேயே வைக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. காலையில் அம்மாவுக்குக் கால் வலி இருக்காது, கடையிலும் கூட்டம் இருக்காது, நிதானமாகப் பிரித்துக் காட்டுவார்கள். இங்கிருந்து திருவனந்தபுரத்துக்கு அடிக்கடி பஸ் இருக்கிறது. பை கனத்தால் சென்ட்ரல் ரயில் நிலையத்தின் பொருள் பாதுகாப்பு அறையில் வைத்துவிடலாம். பையில் பூட்டு இருக்க வேண்டும்.

எங்கே சாப்பிடலாம்?

தம்பானூரில் இறங்கியதும், கேஎஸ்ஆர்டிசி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் செங்கல் நிறத்தில் சுருள் மாதிரி ஒரு கட்டடம் தெரியும். இந்தியன் காபி ஹவுஸ். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் வடிவமைத்தது. உள்ளே மாடிப்படி கிடையாது. சரிவுப் பாதை சுற்றிச் சுற்றி மேலே ஏறும், ஓரத்தில் சுவரோடு சேர்ந்த மேஜைகள். முட்டி வலி இருக்கிற அம்மா என்றால் கீழேயே இடம் பிடித்துவிடுங்கள், மேலே போனால் இறங்கும்போதுதான் கஷ்டம்.

மசாலா தோசை சொன்னால் உள்ளே சிவப்பாக இருக்கும். பயப்பட வேண்டாம், பீட்ரூட்! "இது என்னது, கிழங்குக்குச் சாயம் அடிச்சு வச்சிருக்கானுவ?" என்பது எங்க வீட்டு விமர்சனம். ஆனால் தட்டு காலி.

மதியத்துக்குச் சைவம் என்றால் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஆர்ய நிவாஸ், பாளையத்தில் மதர்ஸ் வெஜ் பிளாசா. இலை போட்டுச் சாப்பாடு. பால் பாயசத்தில் போளியைப் பிய்த்துப் போட்டுச் சாப்பிடுவது திருவனந்தபுரம் ஸ்டைல். எங்கே கிடைத்தாலும் விடாதீர்கள்.

அசைவம் என்றால் சாலை பஜாருக்குள் இருக்கும் ரஹ்மானியா ஹோட்டல். 'கெத்தேல் சிக்கன்' என்று கேட்டால் யாரும் வழி சொல்வார்கள். ஜெயமோகனின் 'அறம்' தொகுப்பில் 'சோற்றுக்கணக்கு' கதை படித்தவர்களுக்குக் கெத்தேல் சாகிப்பைத் தெரியாமல் இருக்காது. கணக்குப் பார்க்காமல் சோறு போட்ட அந்த மனிதரின் கதையை, சாப்பாடு வரும் வரை அம்மாவுக்குச் சொல்லலாம். இப்போது பில் உண்டு, பர்ஸை மறக்க வேண்டாம்.

மதிய வெயிலில் என்ன செய்வது?

மியூசியம் வளாகம் நல்ல சாய்ஸ். மரமும் பெஞ்சும் இருக்கிறது. ராபர்ட் சிஷோம் வடிவமைத்து 1880-ல் கட்டி முடித்த நேப்பியர் மியூசியத்தை வெளியே இருந்து பார்த்தாலே போதும் என்று தோன்றும். அதே வளாகத்தில் ரவி வர்மா ஓவியங்களுக்கென 2023-ல் தனி கேலரி திறந்தார்கள். காலண்டரில் பார்த்துப் பழகிய முகங்கள் அசல் வண்ணத்தில் இருக்கும். முகத்தைவிட அந்தச் சேலை மடிப்பையும் நகையையும் அம்மாக்கள் பார்க்கிற பார்வையே தனி.

லுலு மால் போகலாமா என்று கேட்பீர்கள். 2021 டிசம்பரில் திறந்தது, ஆக்குளத்தில் இருக்கிறது. ஏசி, லிப்ட், சுத்தமான கழிவறை என்று வசதிக்குக் குறைவில்லை. ஆனால் நகரத்தின் மையத்தில் இருந்து தள்ளி இருப்பதால் போய் வந்தால் பாதி நாள் காலி. ஒரு நாள் பயணத்தில் அதைத் தவிர்க்கச் சொல்வேன். மழை பிடித்துக்கொண்டால் மட்டும் அங்கே ஓடுங்கள். சங்குமுகம் கடற்கரையும் வேண்டாம். "கடல் நம்ம வீட்டுக்குப் பின்னால இல்லியா?" என்று கேட்டால் பதில் இருக்காது.

சாலை பஜாரில் என்ன ஸ்பெஷல்?

வெயில் இறங்கியதும் கிழக்கேகோட்டை. எதிரே சாலை பஜார். 18-ம் நூற்றாண்டின் கடைசியில் திவான் ராஜா கேசவதாஸ் உருவாக்கிய சந்தை. அவரும் நம்ம பக்கத்துக்காரர்தான், விளவங்கோடு தாலுகாவில் பிறந்தவர். பித்தளை விளக்கு, உருளி, மசாலா, பூ, வளையல், பாத்திரம் எல்லாம் அடுத்தடுத்து. தமிழ் வியாபாரிகள் நிறைய இருப்பதால் தமிழிலேயே பேரம் பேசலாம்.

ஒன்று மட்டும். நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கப் போனால் "நாகர்கோவில்ல இல்லாததா?" என்று வரும். நியாயமான கேள்வி.

கோயிலுக்குப் போகும் எண்ணம் இருந்தால், பத்மநாபசுவாமி கோயில் நடந்து போகும் தூரம்தான். மதியம் நடை சாத்தி, மாலையில் திறப்பார்கள். இந்துக்களுக்கு மட்டும்தான் அனுமதி. செல்போன் கொண்டுபோக முடியாது. உடை விஷயம்தான் மகள்கள் மாட்டிக்கொள்ளும் இடம். சுடிதாரோடு நேரே உள்ளே போக முடியாது. 2016-ல் கோயில் நிர்வாக அதிகாரி அனுமதித்து, பிறகு கேரள உயர்நீதிமன்றம் அதை ஏற்காததால் பழைய முறையே தொடர்கிறது. சேலை கட்டியிருந்தால் பிரச்சனை இல்லை. சுடிதார் என்றால் மேலே முண்டு சுற்றிக்கொள்ள வேண்டும். அம்மாவுடன் ஒரே மாதிரி சேலை கட்டிப் போவதற்கு இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது.

கோயிலுக்குப் பக்கத்தில் சுவாதித் திருநாள் கட்டிய குதிரமாளிகை இருக்கிறது. கூரைக்கு அடியில் வரிசையாக 122 மரக் குதிரைகள். கிழக்கேகோட்டையில் இருந்து 2022 முதல் கேஎஸ்ஆர்டிசி திறந்த மாடி பஸ்ஸில் நகரத்தைச் சுற்றிக் காட்டுகிறது. மாடி ஏற முடிகிற அம்மா என்றால் கோயிலா, பஸ்ஸா என்று அவரையே கேளுங்கள். எல்லாவற்றையும் ஒரே மாலையில் திணிக்காதீர்கள்.

பணத்தை யார் வைத்துக்கொள்வது?

இதுதான் இந்த டிரிப்பில் பெரிய சிக்கல். நீங்கள் ஜிபே செய்துகொண்டே போனால் அம்மா ஒவ்வொரு கடையிலும் விலையைக் கேட்டுவிட்டு "வேண்டாம் மக்ளே, ஒனக்கு எடு" என்று நகர்ந்துவிடுவார். கடைசியில் அப்பாவுக்கு வேட்டி, தம்பிக்குச் சட்டை, அக்கா பிள்ளைக்குப் பொம்மை என்று பை நிறையும். அவருக்கு ஒன்றும் இருக்காது.

அதனால் கிளம்புவதற்கு முன்பே ஒரு தொகையைக் கையில் ரொக்கமாகக் கொடுத்துவிடுங்கள். இதில் வீட்டுக்கு எதுவும் வாங்கக் கூடாது, கணக்கும் கேட்க மாட்டேன் என்று சொல்லிவிடுங்கள். நாங்கள் செய்து பார்த்தோம். மதியம் வரை அந்த ரூபாய் பர்ஸுக்குள் மடித்த மடிப்புக் கலையாமல் இருந்தது. சாலை பஜாரில் ஒரு பித்தளைக் கடையில்தான் முதல் நோட்டு வெளியே வந்தது. வாங்கியது ஒரு சின்ன உருளி. அது வீட்டுச் சாமானா, சொந்தச் சாமானா என்று இன்னும் முடிவாகவில்லை.

பாதுகாப்பு, திரும்பும் நேரம்

கேரளாவில் பெண்களுக்கான பிங்க் ரோந்து போலீஸ் எண் 1515. இரண்டு பேர் போனிலும் சேமித்து வையுங்கள். இரவில் தங்க இடமில்லாமல் மாட்டிக்கொள்ளும் பெண்கள், குழந்தைகளுக்காகத் தம்பானூர் பஸ் நிலையக் கட்டடத்தில் 'எண்டெ கூடு' என்ற அரசுத் தங்குமிடம் 2018-ல் தொடங்கப்பட்டது. திட்டமிட்டே ஒரு ராத்திரி தங்குவதாக இருந்தால், தம்பானூரிலேயே கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் சைத்ரம் ஹோட்டல் இருக்கிறது.

கழிவறைக்கு அலைய வேண்டாம் என்பதால் பகல் நேரத்தைக் காபி ஹவுஸ், பெரிய ஜவுளிக்கடை, ரயில் நிலையம் என்று இடைவெளி விட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். அம்மாக்கள் இதற்காகவே தண்ணீர் குடிக்காமல் வருவார்கள், கேட்டால் "தாகம் இல்ல" என்பார்கள். பாட்டிலை நீங்களே நீட்டுங்கள். சுகர், பிரஷர் மாத்திரை கைப்பையில் இருக்கட்டும், லாக்கரில் வைக்கும் பையில் அல்ல.

திரும்பும்போது கடைசி ரயிலுக்குக் காத்திருக்காமல் அதற்கு முந்தையதைப் பிடியுங்கள். இரணியலில் இறங்கும் நேரத்தில் டவுன் பஸ் இருக்குமா என்பது நிச்சயமில்லை. காலையில் வந்த ஆட்டோ அண்ணனிடமே நம்பர் வாங்கி, நெய்யாற்றின்கரை தாண்டும்போது ஒரு போன் போட்டுவிட்டால் ஸ்டேஷனில் வந்து நிற்பார்.