கடைசி ஆளின் உழைப்புக்கு அளவு உண்டா?
உற்பத்தி அட்டவணையும் அதன் எல்லையும்

ஒரு நெசவுக் கூடத்தில் ஆறு தறிகள் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். தறியில் அமர்வோர் அறுவர். அவர்களுக்குத் தார் சுற்றிக் கொடுக்க எத்தனை பேரை அமர்த்துவது என்ற கேள்வி சங்கக் கூட்டத்தில் எழுகிறது. கணக்கறிந்த அங்கத்தினர் ஒருவர் பின்வரும் அட்டவணையைப் படிக்கிறார். எண்கள் விளக்கத்தின்பொருட்டு நாம் அமைத்துக்கொண்டவை.

தார் சுற்றுவோர் 1: நாளொன்றுக்குத் துணி 14 மீட்டர்
தார் சுற்றுவோர் 2: துணி 26 மீட்டர்; கூடுதல் 12
தார் சுற்றுவோர் 3: துணி 34 மீட்டர், கூடுதல் 8
தார் சுற்றுவோர் 4: துணி 36 மீட்டர், கூடுதல் 2

இக்கூடுதலையே பொருளாதார நூலார் இறுதிநிலை விளைவு என்பர். மற்றவை யாவும் மாறாதிருக்க, ஓர் ஆளைச் சேர்ப்பதால் மொத்த உற்பத்தியில் உண்டாகும் பெருக்கம் அது. தறிகள் ஆறாகவே இருக்க, ஆட்கள் மட்டும் மிகுந்தால், ஒரு நிலைக்குப் பின் அப்பெருக்கம் குறைந்துகொண்டே வரும். இரண்டு மீட்டர் துணியால் கிடைக்கும் நிகர வரவு நான்காம் ஆளின் கூலிக்கு ஈடாகாவிடில், அவரை அமர்த்துவதில் ஆதாயமில்லை. இம்மட்டில் அட்டவணை நல்ல வழிகாட்டியே.

ஆனால் வேறொருவர் எழுந்து, "நான்காம் ஆளால் வருவது இரண்டு மீட்டர்தானே? முதல் ஆளுக்குக் கொடுக்கும் கூலியை அவருக்கு ஏன் கொடுக்கவேண்டும்?" என்று கேட்கிறார். கேள்வி நியாயமானதுபோல் தோன்றும். சற்று ஆராய்ந்தால் அதன் பிழை விளங்கும்.

நால்வரும் ஒரே திறமையுடன் ஒரே வேலையைச் செய்கின்றனர். நான்காமவர் என்று பிறந்தவர் எவருமில்லை. நால்வரில் யாரை நிறுத்தினாலும் குறைவது அதே இரண்டு மீட்டர்தான். எண் சிறுத்ததற்குக் காரணம் ஆளின் சோம்பலன்று. ஆறு தறிகளுக்குத் தேவையான தார் ஏறக்குறைய நிறைந்துவிட்டதே காரணம். மேலும் இரண்டு தறிகளை நிறுவினால் அதே ஆளின் எண் உயரக்கூடும். ஆகவே அட்டவணை அளப்பது கூடத்தின் அமைப்பையேயன்றி மனிதரின் உழைப்பையன்று.

அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜான் பேட்ஸ் கிளார்க் 1899-இல் வெளியிட்ட நூலில், தடையற்ற போட்டி நிலவுமிடத்து உழைப்பும் முதலும் தாம் தாம் படைத்ததையே பங்காகப் பெறும் என்று வாதித்தார். நமது கணக்கில் நால்வருக்கும் கடைசி ஆளின் அளவே பங்கெனில், அவர்களுக்கு எட்டு மீட்டர் சேரும். மீதி 28 மீட்டரைத் தறியும் நூலும் நெசவாளர் அறுவரும் எவ்வாறு பிரித்துக்கொள்வது? ஒரு தறிக்கு ஒரு நெசவாளர் இருக்கையில் இரண்டாவது நெசவாளரைச் சேர்த்தால் பயன் இல்லை. நெசவாளரின்றி இரண்டாவது தறியைச் சேர்த்தாலும் பயன் இல்லை. இரண்டையும் சேர்த்தால்தான் துணி வரும். அத்துணியில் தறியின் பங்கு எவ்வளவு, கையின் பங்கு எவ்வளவு என்பதை எந்த அட்டவணையும் கூறாது.

விவசாயிகளான அங்கத்தினர்களுக்கும் இது பொருந்தும். இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் என்னுமிடத்தில் லாஸ், கில்பர்ட் என்னும் இருவர் 1843-இல் தொடங்கிய கோதுமைப் பரிசோதனை இன்றளவும் நடைபெற்று வருகிறது. அங்கே பாத்திகளுக்கு ஹெக்டேருக்கு 48, 96, 144 கிலோ எனப் படிப்படியாகத் தழைச்சத்து இடுகின்றனர். ஒரு படிக்கும் மறு படிக்கும் இடையே கூடிய விளைச்சலை 48-ஆல் வகுத்தால் கிடைப்பது சராசரியே. அப்படியின் முதல் கிலோ அதைவிட மிகுதியாகவும், கடைசிக் கிலோ அதைவிடக் குறைவாகவும் பயன் தரக்கூடும். உரத்திற்குக் கடன் வாங்கும் விவசாயிக்கோ அந்தக் கடைசிக் கிலோவே முக்கியம்.

மேலும் 1968-இல் அங்கே குட்டைத் தாளுடைய இரகங்கள் புகுத்தப்பட்டன. பின்னர்ப் பூசணக்கொல்லியும் சேர்ந்தது. அதன்பின் விளைச்சல் உயர்ந்ததோடு, மிகுதியான தழைச்சத்தை ஏற்கும் ஆற்றலும் பயிருக்கு வளர்ந்தது. உரம் அதுவே, நிலமும் அதுவே, எண்கள் மட்டும் வேறாயின. நம் நாட்டிலும் உயர்ந்து வளரும் பழைய நெல் இரகங்கள் உரம் மிஞ்சினால் சாய்ந்துவிடும். 1966-இல் வெளியான ஐ.ஆர்.8 போன்ற குட்டை இரகங்கள் நிமிர்ந்து நின்றன. ஓர் இரகத்தின் அட்டவணையைக் கொண்டு மற்றோர் இரகத்திற்கு உரம் இட்டால் நஷ்டமே மிஞ்சும்.

ஆகவே அங்கத்தினர்களே, கூட்டத்தில் எவரேனும் அட்டவணையைக் காட்டினால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். மாறாதவை என்று எவற்றை வைத்துக் கணக்கிட்டார்கள்? படிகளுக்கு இடையே உள்ள தூரம் எவ்வளவு? கூடிய விளைவின் விலை, கூடிய செலவுக்கு ஈடாகுமா? விடை கிடைத்தபின், இன்னும் ஓர் ஆள், இன்னும் ஒரு மூட்டை வேண்டுமா என்பதை அட்டவணையைக் கொண்டு முடிவு செய்யலாம்.

கூலியையும் இலாபப் பங்கையும் முடிவு செய்வது வேறு காரியம். அதற்கு நமது விதிகளும் கூட்டத்தில் எழும் கைகளுமே அளவுகோல். நான்காவதாக வந்தவர் என்பதற்காக ஒருவர் குறைந்த கூலி பெறும்படி, அட்டவணையின்மேல் பழி போட்டு நாம் ஒதுங்கிவிடலாகாது.