பாவித்த போனும் பிடிவாதமான வங்கிச் செயலியும்

எங்கள் சாச்சா பாவித்த போன் ஒன்றை வாங்கி வந்தார். படம் எடுத்தது, வட்ஸ்அப் வேலை செய்தது. வங்கிச் செயலி மட்டும், ‘இந்தச் சாதனத்தில் இயங்காது’ என்று சொல்லி மூடிக்கொண்டது. வீட்டில் எல்லோரும் வங்கியைத் திட்டினார்கள். நான் செயலியின் பக்கம் நின்றேன். ஏனென்று சொல்கிறேன்.

அன்ட்ரொய்ட் போனில் ஒவ்வொரு செயலிக்கும் ஒரு தனிப் பயனர் இலக்கம் உண்டு. ஒரே வீட்டில் ஆளுக்கொரு அலுமாரி இருப்பதைப் போல, ஒன்றின் கோப்புகளை மற்றொன்று திறக்க முடியாது. எல்லா அலுமாரிக்கும் பொதுச் சாவி வைத்திருப்பவர் 0 என்ற இலக்கமுடைய பயனர். அதைத்தான் ‘ரூட்’ என்கிறார்கள். தயாரிப்பாளர் அந்தச் சாவியை நமக்குத் தருவதில்லை. சிலர் போனைத் திறந்து அதை எடுத்துக்கொள்கிறார்கள். ஐபோனில் இதையொத்த வேலைக்கு ‘ஜெயில்பிரேக்’ என்று பெயர்.

அப்படிச் செய்பவர்கள் எல்லோரும் திருடர்கள் அல்லர். கைவிடப்பட்ட பழைய போனுக்குப் புதிய அன்ட்ரொய்ட் போடுவதற்காகச் செய்பவர்களும் உண்டு. ஆனால் பொதுச் சாவி ஒரு கெட்ட செயலியின் கைக்குப் போனால், வங்கிச் செயலி சேமித்துள்ள தகவலையும் குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறைக் கடவுக்குறியீட்டையும் அது வாசித்துவிடும்.

செயலி இதை எப்படிக் கண்டுபிடிக்கிறது? முன்பெல்லாம் ‘எஸ்.யூ.’ என்ற கோப்பு போனில் இருக்கிறதா என்று தேடியது. இது சந்தேகத்துக்குரியவரிடமே சாட்சி கேட்பது போன்றது. ரூட் உள்ள போன் பொய் சொல்லலாம். 2016இல் வந்த ‘மெஜிஸ்க்’ என்ற கருவி அப்படி மறைப்பதில் பேர்போனது.

ஆகவே சாட்சி வெளியிலிருந்து வரவேண்டியதாயிற்று. வங்கியின் சேவையகம் ஒரு புதிய எண்ணை அனுப்பும். செயலி அதைக் கூகுளிடம் கொடுத்து, போனின் நிலைமை பற்றிக் கையொப்பமிட்ட பதிலொன்றைப் பெற்றுத் திருப்பி அனுப்பும். முடிவை எடுப்பது போன் அல்ல, வங்கி. இந்தச் சேவைக்கு இப்போது ‘பிளே இன்டெக்ரிட்டி’ என்று பெயர்; முன்பு இருந்தது ‘சேஃப்டிநெட்’. இதற்குப் பலம் தருவது சிப்பின் பாதுகாப்பான மூலையிலுள்ள ஒரு சாவி. இயங்குதளத்தாலேயே அதை வெளியே எடுக்க முடியாது. போன் ஆரம்பிக்கும்போது அதன் பூட்டு திறந்திருந்ததா என்பதையும் அது சேர்த்துச் சொல்லும்.

இதில் எனக்கொரு மனக்குறை உண்டு. பல வருடமாகப் பாதுகாப்புப் புதுப்பிப்பே கிடைக்காத போன் சோதனையில் தேறிவிடலாம். கவனமாகப் புதிய இயங்குதளம் போட்டவரின் போன் தோற்றுவிடலாம். அப்படிப்பட்டவருக்கு மீதியைப் பார்க்கவாவது விட்டு, பணம் அனுப்புவதை மட்டும் வங்கி தடுக்கலாமே. இன்னொன்று, கடவுக்குறியீட்டைத் தொலைபேசியில் கேட்டு வாங்கும் மோசடிக்காரனை இந்தச் சோதனை எதுவும் தடுக்காது.

பாவித்த போன் வாங்கும் பெற்றோர், காசு கொடுக்குமுன் அதை ஒருமுறை அணைத்துப் போட்டுப் பாருங்கள். பூட்டு திறந்த பல போன்கள் ஆரம்பத்திலேயே எச்சரிக்கை காட்டும். பிறகு பிளே ஸ்டோர் அமைப்புகளில் ‘பிளே புரொடெக்ட்’ சான்றிதழ் இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டுக்கும் ஐந்து நிமிடம் போதும், கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.