பவர் டேபிளில் வந்த வலிப்பு

பவர் டேபிளில் தைத்துக்கொண்டிருப்பவர் வலிப்பு வந்து சரிந்தால், பிசிறு வெட்டும் கத்தரியையோ சாவிக்கொத்தையோ அவர் கையில் திணிக்க நாலு பேர் ஓடிவருவார்கள். இரும்பு பிடித்தால் நிற்குமாம். வலிப்பு தானாகத்தான் நிற்கிறது. கத்தரி கையைக் கிழிப்பதுதான் மிச்சம். மெஷினை நிறுத்தி, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108-ஐ அழையுங்கள்.

தூக்கம் கெட்டாலும் வலிப்பு வரும் என்பது உண்மைதான். அதற்காக முப்பது, நாற்பது வயதில் முதன்முதலாக வந்ததை "நைட் வேலை பார்த்த அசதி" என்று விட்டுவிடக் கூடாது. மெதுவாக வளரும் மூளைக் கட்டிகளில், குறிப்பாக இரண்டாம் நிலை கிளியோமாவில், பெரும்பாலோருக்கு முதல் அறிகுறியே வலிப்புதான். எம்.ஆர்.ஐ. எடுத்தால் தெரிந்துவிடும்.

"மெதுவாக" என்ற சொல்லை நம்பி ஏமாறக் கூடாது. இந்தக் கட்டி உருண்டையாகத் தனித்து நிற்பதில்லை. துணியில் சாயம் ஊறுவதுபோல நல்ல திசுவுக்குள் ஊறியிருக்கும். ஆண்டுகள் போகப் போக வீரியமும் கூடலாம். பயாப்சி மட்டும் எடுத்துவிட்டுக் காத்திருந்த காலம் ஒன்று உண்டு. நார்வேயில் இரண்டு மருத்துவமனைகளை ஒப்பிட்டு 2012-ல் வெளிவந்த ஆய்வில், தொடக்கத்திலேயே அறுவை சிகிச்சை செய்த இடத்து நோயாளிகளே கூடுதல் காலம் வாழ்ந்தார்கள். பாதுகாப்பாக எவ்வளவு எடுக்க முடியுமோ அவ்வளவு எடுப்பதே இன்று முதல் படி. பேச்சுக்கோ கைக்கோ உரிய பகுதியை ஒட்டியிருந்தால் நோயாளி விழித்திருக்கும்போதே செய்வதுண்டு. படத்தைக் காட்டிப் பெயர் கேட்பார்கள். விரலை மடக்கி நீட்டச் சொல்வார்கள். விரல் தடுமாறினால் மருத்துவர் அங்கே நிறுத்திக்கொள்வார். டெய்லருக்கு விரல்தானே பிழைப்பு!

முழுவதும் எடுக்கப்பட்ட இளவயதினரை ஸ்கேனில் கண்காணித்தே வரலாம். மிச்சமிருந்தாலோ, வயது நாற்பதைத் தாண்டியிருந்தாலோ கதிர்வீச்சு: வாரம் ஐந்து நாள் வீதம் சுமார் ஆறு வாரம். அதோடு கீமோ. கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் பாதிப்பேர் 7.8 ஆண்டுக்கு மேல் வாழ்ந்தார்கள் என்றால், கீமோவும் சேர்த்தவர்களில் அது 13.3 ஆண்டு என்றது ஓர் அமெரிக்க ஆய்வு. ஐ.டி.எச். மரபணு மாற்றம் உள்ள கட்டிகளுக்கு வோராசிடெனிப் என்ற மாத்திரையை 2024 ஆகஸ்டில் அமெரிக்கா அனுமதித்தது. கட்டி வளர்வதைத் தாமதப்படுத்தி, கதிர்வீச்சைத் தள்ளிப்போட அது உதவுகிறது.

கதிர்வீச்சுக்காக ஆறு வாரம் மருத்துவமனைக்குப் போய்வந்தால் பீஸ் ரேட்காரர் வீட்டில் அடுப்பு எரிவது எப்படி? இ.எஸ்.ஐ.யின் நீண்டகால நோய்ப் பட்டியலில் மூளைக்குள் வளரும் கட்டியும் இருக்கிறது. இரண்டாண்டு தொடர்ந்து வேலையில் இருந்து, உரிய நாட்களுக்குச் சந்தா கட்டியவருக்குச் சம்பளத்தில் 80 சதவீதம், இரண்டாண்டு வரை கிடைக்கும். கம்பெனி ஏட்டில் பெயரே இல்லாதவருக்கு ஒன்றும் கிடையாது. உங்கள் பெயரில் இ.எஸ்.ஐ. எண் இருக்கிறதா என்று இந்தச் சனிக்கிழமை சம்பளம் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.