விளக்கு மழையில் நனையலாமா? பெட்டியில் இருக்கும் இரண்டு எண்கள்!

கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் ஐப்பசி மழை கொட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். தெருவிளக்கு நனைந்துகொண்டே எரியும். கூடத்து விளக்கை அதே மழையில் தொங்கவிட்டால்? சற்று நேரத்தில் "டப்"! விளக்கு போவதோடு முடிந்தால் பரவாயில்லை. ஈரம் இறங்கிய விளக்கின் இரும்புக் கூட்டில் மின்சாரம் பாய்ந்தால், தொட்டவர் உயிருக்கே ஆபத்து.

இரண்டும் மின்சார விளக்குதானே? ஏன் இந்த வித்தியாசம்?

விளக்கின் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். ஐ.பி.20, ஐ.பி.65 என்று ஏதாவது போட்டிருக்கும். அதை "அறுபத்தைந்து" என்று படிக்கக் கூடாது. ஆறு, ஐந்து என்று தனித்தனியாகப் படிக்க வேண்டும். முதல் எண் தூசிக்கு. அடுத்த எண் தண்ணீருக்கு. உலகம் முழுவதும் இதே கணக்குதான்.

முதல் எண் 2 என்றால் விரல் உள்ளே போகாது. ஆனால் தூசி தாராளமாகப் போகும்! 5 என்றால் கொஞ்சம் தூசி போகலாம், விளக்கு கெடாது. 6 என்றால் தூசி நுழையவே முடியாது.

இதை எப்படிச் சோதிக்கிறார்கள் தெரியுமா? முகப் பவுடரில் சேர்ப்பார்களே டால்க் மாவு, அதை ஒரு கூண்டுக்குள் புகைபோலப் பறக்க விடுகிறார்கள். நடுவே விளக்கு. மணிக்கணக்கில் அப்படியே விட்டுவிட்டு, பிறகு திறந்து பார்க்கிறார்கள். பவுடருக்கு இப்படியும் ஓர் உத்தியோகம்!

கள்ளக்குறிச்சி வட்டாரத்து அரிசி ஆலைகளுக்கு இந்த முதல் எண் முக்கியம். உமித்தூளும் தவிட்டுத்தூளும் விளக்குக்குள் படிந்தால் வெளிச்சம் மங்கும், சூடும் வெளியேறாது. தவிடோ தீப்பிடிக்கக் கூடியது.

இனி தண்ணீர். 4 என்றால் எந்தப் பக்கம் தெறித்தாலும் தாங்கும். 5 என்றால் நிமிடத்துக்கு 12.5 லிட்டர் வீதம் குழாயால் பீய்ச்சினாலும் தாங்கும். 6-க்கு நிமிடத்துக்கு 100 லிட்டர்! 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடக்கலாம்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 7 பெரிய எண், ஆகவே பீய்ச்சும் தண்ணீரையும் தாங்கும் என்று எண்ணிவிடக் கூடாது. மூழ்குவது வேறு, பீய்ச்சுவது வேறு. இரண்டையும் தாங்கும் விளக்கில் 66/67 என்று இரண்டும் அச்சாகியிருக்கும்.

கூடத்துக்கு 20 போதும். குளியல் அறைக்கும் தாழ்வாரத்துக்கும் 44. மழை நேராக விழும் வாசலுக்கும், திறந்த கிணற்றடிக்கும் 65. வீடு முழுவதும் 65 வாங்குவது வீண் செலவு.

நல்ல விளக்கு வாங்கினால் மட்டும் போதாது. மாட்டும்போது ரப்பர் வளையத்தைத் தூக்கி எறிந்துவிட்டாலோ, வயர் விட இன்னொரு துளை போட்டாலோ, பெட்டியில் உள்ள எண் வெறும் மைதான்! எர்த் வயரையும் மறக்காமல் இணைக்கச் சொல்லுங்கள். வயர் நுழையும் துளை கீழ்நோக்கி இருக்கட்டும். அதற்கு முன்னால் வயரைக் கொஞ்சம் தொங்கலாக வளைத்துவிட்டால், வயர் வழியே ஓடி வரும் மழைத் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிப் போய்விடும்.